ராமநாதபுரம்னா தண்ணியில்லாக் காடுதானா?

கேள்வி:
"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்"னு யாராவது மிரட்டினா, அது ராமநாதபுரம்தான்னு எல்லாரும் எடுத்துக்கிறாங்க. அங்க மழையே பெய்யாது, விவசாயம் தெரியாத சனங்க, நிலத்தை முள்ளுக்கு விட்டுட்டு வெளிநாடு போயிடுவாங்கன்னும் பேச்சு. இதுல எது உண்மை?

கலுங்கு:
மழையே பெய்யாதுங்கிறது சுத்தத் தப்பு. ஆண்டு சராசரி 827 மி.மீ., கோவை நகரத்தை விடக் கூடுதல். பாதிக்கு மேல வடகிழக்குப் பருவத்துலேயே கொட்டித் தீர்த்துடும், அதுதான் சிக்கல். அதைத் தேக்கத்தான் கண்மாய். வரத்துக்கால்ல வர்ற தண்ணி மடை வழியா வயலுக்குப் போகும், மிஞ்சினது கலுங்குல (கரையில உபரித் தண்ணி வெளியேற விட்ட கல் வழி) வழிஞ்சு அடுத்த கண்மாய்க்கு இறங்கும். வரத்துக்கால்ல சீமைக்கருவேலம் மண்டிட்டா நல்ல மழைக்கும் கண்மாய் பெருகாது. வெளியூர்க்காரங்க முள்ளைப் பாத்துட்டு ஆளுங்களைக் குறை சொல்றாங்க.

வெளிநாடு போறதும் பஞ்சத்தால வந்த பழக்கம்னு நினைக்காதீங்க. இந்த மாவட்டத்துக் கீழக்கரை முத்தும் சங்கும் வித்த பழைய துறைமுகம், கடல் தாண்டிப் போறது அங்க வியாபாரத்தோட வந்தது.

புழுதிக்கால்:
விவசாயம் தெரியாதவங்களா? புரட்டாசியில முதுகுளத்தூர் பக்கம் போய்ப் பாருங்க. காய்ஞ்ச புழுதியிலேயே நெல்லை விதைச்சுட்டு மழைக்குக் காத்திருப்பாங்க. இதுக்கு நல்ல கணக்கு வேணும். ஏக்கருக்கு 30 கிலோ விதை. 30 லிட்டர் தண்ணியில 300 கிராம் பொட்டாஷ் கரைச்சு, விதையை 16 மணி நேரம் ஊறப் போட்டு, நிழல்ல பழையபடி கலகலன்னு ஆகுற வரைக்கும் உலர்த்தணும். இப்படிச் செஞ்ச விதையிலிருந்து வர்ற பயிர் வறட்சியைத் தாங்கும். அரைகுறையா உலர்ந்தா வச்ச இடத்துலேயே முளை கட்டிடும். விதை ரொம்ப மேலாக விழுந்தாலும் வம்பு: ஒரு தூறலுக்கே முளைச்சு, அடுத்த மழை பத்து நாள் தள்ளிப்போனா கருகிடும். ரொம்ப ஆழமாப் போனா முளை மேலேயே வராது.

இந்த மாவட்டத்துக் குண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. குடிதண்ணிக்கு என்ன பண்றாங்க?

கலுங்கு:
குழாய்த் தண்ணி வந்தாலும் பல ஊர்ல ஊரணிக்கு (மழைத்தண்ணி தேக்குற ஊர்க்குளம்) மதிப்பு குறையல. குடிதண்ணி ஊரணியில கால் நனைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது. கலங்கலா இருந்தா, மண்பானையோட உள்பக்கத்துல தேத்தாங்கொட்டையை (தேத்தா மரத்து விதை) நல்லா உரசிட்டுத் தண்ணியை ஊத்தி வைப்பாங்க. விடியறதுக்குள்ள சேறு அடியில படிஞ்சிடும். அசைக்காம மேல் தண்ணியை மட்டும் மொண்டு எடுக்கணும். கலங்கல்தான் போகும், கிருமி போகாது. அதனால காய்ச்சித்தான் குடிக்கணும்.