சின்ன வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் ஓடவிட வேண்டுமா?

வேப்பமரத்தடி:
போன வாரம் குறுவள மையக் கூட்டத்தில் (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற கூட்டம்), மூன்றாம் வகுப்பு வரை ஓடிப்பிடித்து விளையாடுவதற்கென்று தனி நேரம் தேவையில்லை, அது பாடத்தைத் தின்கிறது என்று ஒரு மூத்த ஆசிரியர் சொன்னார். பலரும் தலையாட்டினார்கள். எனக்கு அங்கே பேச வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பில் 23 பிள்ளைகள். தினமும் 20 நிமிடம் ஓட விடுகிறேன். குலைகுலையா முந்திரிக்கா, லாக் அண்ட் கீ, கல்லா மண்ணா, எது வேண்டுமானாலும் இருக்கும். சில நாள் கணக்கோடு சேர்த்து. தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு உள்ளே எண்களை எழுதுவேன். "ஐந்தும் மூன்றும்" என்றால் எட்டு எழுதிய வட்டத்துக்கு ஓட வேண்டும். திரும்பி வந்து உட்காரும்போது பிள்ளைகளின் முகமே வேறு மாதிரி இருக்கிறது. அப்புறம் அரை மணி நேரம் நான் சொல்வது காதில் ஏறுகிறது. 5 வயது முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் 20 நிமிடம் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கரும்பலகை:
டீச்சர், உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. 26 வருடமாகத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன், தலைமையாசிரியராகவும் இருக்கிறேன். கணக்கைப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்கிறது. தினம் 20 நிமிடம் என்றால் 200 நாளில் 66 மணி நேரத்துக்கு மேல். பன்னிரண்டில் ஒரு பங்கு! மூன்றாம் வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அந்த 66 மணி நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

இன்னொன்று, அந்த வட்ட விளையாட்டை நானும் செய்து பார்த்திருக்கிறேன். கணக்குத் தெரிந்த இரண்டு பேர் முதலில் ஓடுவார்கள், மீதிப் பேர் அவர்கள் பின்னால் ஓடுவார்கள். எல்லாரும் எட்டில் நிற்பதைப் பார்த்து நமக்கு மனம் நிறையும். ஆனால் கணக்குப் போட்டது அந்த இரண்டு பேர்தான்.

காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு எங்கள் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் திரும்பும் இடத்தில் மோதி, ஒருத்திக்கு முன்பல் பாதி உடைந்தது. பால் பல் இல்லை, புதிதாக முளைத்த பல். மறுநாள் காலை அவள் அப்பா நான்கு பேரோடு வந்து நின்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து நான் ஓடவிடுவதில்லை.

வேப்பமரத்தடி:
சார், வட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நானும் அதில் ஏமாந்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், ஒரு பையன் எண்ணைக் கேட்காமலே ஓடத் தயாராகக் கால் வைத்து நின்றான். அவன் கண் என்மேல் இல்லை, பக்கத்துப் பெண்மேல் இருந்தது.

அதற்கப்புறம் மாற்றிவிட்டேன். ஒன்று முதல் ஒன்பது வரை எழுதிய அட்டைகள், ஆளுக்கு ஒன்று கழுத்தில். "பத்து" என்று சொன்னதும் ஓடிப் போய் ஜோடியைப் பிடிக்க வேண்டும். மூன்றுக்கு ஏழு, நான்குக்கு ஆறு, ஐந்துக்கு இன்னொரு ஐந்து. ஒற்றையாக ஒருவர் மிஞ்சாமல் இருக்க நானும் ஒரு அட்டையை மாட்டிக்கொள்வேன். இதில் யார் பின்னாலும் ஓட முடியாது, ஏனென்றால் பக்கத்துப் பிள்ளை தேடுவது வேறு எண். அந்தப் பையன் முதல் நாள் ஏழு அட்டையோடு நடுவில் நின்றுவிட்டான். விரலை மடக்கி எண்ணினான். மூன்று அட்டை மாட்டியவள்தான் ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள். நான்காம் நாள் அவனே போனான்.

ஓட்ட வாத்தியார்:
நான் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். இருவரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

டீச்சர், 'பிடிபட்டால் அவுட், ஓரமாக உட்கார்' என்ற விளையாட்டுகள் உங்கள் பட்டியலில் இருந்தால் உடனே நிறுத்துங்கள். முதலில் அவுட் ஆவது யார்? குண்டான பிள்ளை, கால் தடுமாறுகிற பிள்ளை, பயந்த பிள்ளை. யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவர்கள் ஒரு நிமிடம் ஓடிவிட்டுப் பத்து நிமிடம் மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லாக் அண்ட் கீயில் அந்தத் தொல்லை இல்லை. பிடிபட்டவன் நின்ற இடத்தில் நிற்பான், தோழன் வந்து தொட்டால் மறுபடி ஓடுவான். கோ-கோ எனக்கு உயிர், ஆனால் ஆறு வயதுக்கு வேண்டாம். எட்டுப் பேர் குந்தியிருக்க ஒருவர் துரத்துகிற ஆட்டம் அது.

சார், மோதல் ஓடுவதால் வருவதில்லை, எதிரெதிரே ஓடுவதால் வருகிறது. எல்லையைத் தெளிவாகக் கோடு போடுங்கள். சுவர், கைப்பம்பு, கொடிக்கம்ப மேடை எல்லாம் கோட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். பிள்ளைகள் வேகத்தில் வந்து சுவரைத் தொட்டுத்தான் நிற்பார்கள். "சுவரைத் தொட்டால் ஜெயித்தாய்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். நான் பார்த்த கை முறிவுகளில் பாதி அப்படி வந்தவை.

கரும்பலகை:
சுவர் விஷயம் நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சார், உங்களைப் போல ஒருவர் எங்களுக்கு இல்லையே. அதே சட்டத்தின் அட்டவணையில் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் என்பது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். விளையாட்டுத் திடல் எல்லாப் பள்ளிக்கும் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை அந்தத் திடலில் நிற்க ஆள் வேண்டும் என்று எழுதவில்லை. எங்கள் உதவி ஆசிரியை பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என் ஒருவன் தலையில். வெளியே ஓடுகிற இருபது பேரைப் பார்ப்பேனா, உள்ளே இருக்கிறவர்களைப் பார்ப்பேனா?

பாலாற்றங்கரை:
நான் ஆசிரியை இல்லை, அம்மா. என் மகன் இரண்டாம் வகுப்பு. அவனுக்கு வீசிங் உண்டு. பள்ளியில் விளையாட்டு நேரம் வந்தால் எல்லார் தண்ணீர் பாட்டிலையும் அவனிடம் கொடுத்துப் படியில் உட்கார வைப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான். வீட்டுக்கு வந்து "நான் பாட்டில் லீடர்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் தூக்கத்தில் "என்னைப் பிடி, என்னைப் பிடி" என்று பிதற்றினான். எனக்கு அன்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். ஓடலாம், ஓடத்தான் வேண்டும் என்றார். ஓடுவதற்கு முன் எப்போது இன்ஹேலர் இழுக்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதை டீச்சரிடம் கொடுத்தேன். இப்போது ஓடுகிறான். தயவுசெய்து நோய் இருக்கிற பிள்ளையை நீங்களாகவே உட்கார வைத்துவிடாதீர்கள், வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். அதே மாதிரி, கேட்காமல் ஓடவும் விடாதீர்கள்.

வேப்பமரத்தடி:
அம்மா, நாளைக்கே என் 23 பேர் வீட்டிலும் கேட்கிறேன். இதுவரை நான் கேட்டதில்லை.

கரும்பலகை சார், ஒற்றை ஆளாக நிற்கும் நாளில் நானும் வெளியே விடுவதில்லை. அதில் உங்களோடு இருக்கிறேன். ஆனால் அந்த நாட்களுக்காக மற்ற நாட்களையும் விடுவது சரியா? ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் எலைன் வைலி என்ற தலைமையாசிரியை 2012-இல் தினம் 15 நிமிடம் பிள்ளைகளை ஓடவோ நடக்கவோ விட ஆரம்பித்தார். தனி ஆசிரியர் இல்லை, சீருடை மாற்றவில்லை, பந்தயம் இல்லை. பிள்ளைகள் அவரவர் வேகத்தில் போனார்கள். 'டெய்லி மைல்' என்று அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. அவர்களுக்குக் குளிர், நமக்கு வெயில். அதனால்தான் நான் காலைச் சிற்றுண்டி முடிந்து வயிறு கொஞ்சம் இறங்கிய பிறகு, பத்து மணிக்குள் முடிக்கிறேன். 2023-இல் வெயிலுக்காகப் பள்ளித் திறப்பையே தள்ளிவைத்தார்கள். அந்த மாதிரி நாட்களில் வேப்பமரத்து நிழலை விட்டு வெளியே விட மாட்டேன். முன்னும் பின்னும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர்.

கரும்பலகை:
காலை நேரம் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் டீச்சர். நான் மத்தியானத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டம் உடம்புக்கு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அட்டை விளையாட்டைக் கணக்குப் பாடம் என்று ஏற்க மாட்டேன். உங்கள் பையன் நான்கு நாளில் ஏழுக்கு மூன்று என்று பிடித்தான், சந்தோஷம். அவன் அதைச் சிலேட்டில் எழுதினானா? எழுதிக் காட்டும்வரை அது விளையாட்டுக் கணக்கில்தான் வரும். 66 மணி நேரத்தைப் பாட நேரத்திலிருந்து எடுக்காமல், காலை வழிபாட்டை வாரத்தில் மூன்று நாள் சுருக்கி அதிலிருந்து எடுத்தால் எனக்குச் சம்மதம்.

ஓட்ட வாத்தியார்:
மூன்று நாளாவது தொடங்குங்கள் சார். உங்கள் திடலின் நீள அகலம் என்ன, கைப்பம்பு எந்த மூலையில் இருக்கிறது? சொன்னால் கோடு எங்கே போடலாம் என்று வரைந்து அனுப்புகிறேன்.

கரும்பலகை:
நாற்பதடிக்கு அறுபதடி இருக்கும். பம்பு கிழக்கு மூலை, பக்கத்தில் சிமெண்டுத் தளம், எப்போதும் ஈரம். நாளை நாடா வைத்து அளந்து சொல்கிறேன்.