1912 மௌனப் படம்: வேகத்தைச் சரிசெய்யவும் இசைக்கவும் ஆள் தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் சிறிய திரைப்படக் குழுவில் டி. டபிள்யூ. கிரிஃபித் பயோகிராஃப் நிறுவனத்துக்காக 1912இல் எடுத்த 'தி பெயின்டட் லேடி'யைத் திரையிடப் போகிறோம். ஒரே ரீல்தான்.

பவுடர்கூடப் பூசாமல் அப்பா சொல்படி வளரும் மூத்த மகள். விருந்தில் அவளை யாரும் சீண்டுவதில்லை, தங்கையைச் சுற்றித்தான் கூட்டம். அப்புறம் புதிதாக ஒருவன் வந்து நெருங்கிப் பழகுகிறான். அவனுக்கு வேண்டியது அவளல்ல, வீட்டிலுள்ள பணம். இரவில் முகமூடித் திருடனை அவள் சுடுகிறாள். முகமூடியை விலக்கினால் காதலன்! அதன்பின் மனம் கலங்கி, இல்லாத ஒருவனுடன் தனியே பேசிக்கொண்டிருப்பாள். மூத்த மகளாக நடிக்கும் பிளான்ச் ஸ்வீட் அந்த இடத்தில் அசத்திவிடுகிறார். திருட்டுக் கதையை எல்லாம் நான் இதற்காகத்தான் பொறுத்துக்கொள்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், எங்களிடம் உள்ள பிரதி நொடிக்கு 24 பிரேமில் (பிரேம் என்பது படச்சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப் படம்) ஓடுகிறது. ஆயிரம் அடி ரீல் 16 பிரேமில் சுமார் 17 நிமிடம் ஓடும். 24இல் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். அசைவெல்லாம் வேகமாகத் தெரிவதால் சாகும் காட்சிக்கே ஆட்கள் சிரித்துவிடுவார்கள்.

அசைவு குதிக்காமல் வேகத்தைக் குறைக்க எந்த மென்பொருள் நல்லது? 16 சரியா, 18 சரியா? காட்சிகளுக்கு நடுவே எழுத்தாக வரும் தலைப்பு அட்டைகளுக்குத் தமிழ் வரிகளும் சேர்க்க வேண்டும். வயலினோ கீபோர்டோ நேரில் வாசிக்க யாராவது முன்வந்தால் இன்னும் நல்லது, போக்குவரத்துச் செலவு எங்களுடையது. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.