காஸ்பல் இசையைக் கேட்க நம்பிக்கை வேண்டுமா?

கருஞ்சட்டை:
கடவுள் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் காஸ்பலை, அதாவது அமெரிக்கக் கறுப்பினச் சபைகளின் பக்திப் பாட்டை, பாடகி அரீதா ஃபிராங்க்ளின் பாடிய 'அமேசிங் கிரேஸ்' ஆல்பத்தை விட முடியவில்லை. 1972 ஜனவரியில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பாப்டிஸ்ட் சர்ச்சில் இரண்டு இரவு பாடிப் பதிவு செய்தது. தலைப்புப் பாட்டு மட்டுமே பத்து நிமிடத்துக்கு மேல். ஒரே சொல்லில் நின்று, இழுத்து, உடைத்து, கூட்டம் பதில் குரல் கொடுக்கும்வரை விடமாட்டார். இதை ரசிக்க ஏசுவை நம்ப வேண்டியதில்லை. குரலும் தாளமும் போதும்.

ஆல்டோ அக்கா:
போதாது தோழர். அந்த இரவுகளின் படம் 2018-இல் வெளிவந்தது, பாருங்கள். இது ஆராதனை என்று போதகர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட் கூட்டத்திடம் சொல்லிவிடுகிறார். அரீதா பாடும்போது அந்தப் போதகரே பியானோவை விட்டு எழுந்துபோய், முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். குரல் நுணுக்கத்துக்கா அழுதார்? நானும் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். அடுத்த அடிக்குப் போவதா, இதிலேயே நிற்பதா என்பதைச் சபையின் 'ஆமென்'தான் முடிவு செய்யும். சபை சும்மா இருந்தால் அதே பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நம்பிக்கையை எடுத்துவிட்டால் உங்களுக்குப் பிடித்த அந்தப் பத்து நிமிடமே இல்லை.

தாளக்கட்டு:
சபையில் பிறந்தது என்பது பாதிக் கதை. காஸ்பலின் தந்தை எனப்படும் தாமஸ் டார்சி, அதற்கு முன் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் பாடகி மா ரெய்னிக்கு ப்ளூஸ் பியானோ வாசித்தவர். ப்ளூஸ் என்பது கறுப்பின மக்களின் சர்ச்சுக்கு வெளியே உள்ள பாட்டு. 1932-இல் மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் எழுதியதுதான் 'ப்ரெஷியஸ் லார்ட்'. இந்த ஆல்பத்தில் அரீதா அதோடு பாப் பாடகி கரோல் கிங்கின், கூப்பிட்டால் நண்பன் ஓடிவருவான் என்னும் நட்புப் பாட்டைச் சேர்த்துப் பாடுகிறார், அதுவும் சர்ச்சுக்குள் நின்று. சர்ச்சுப் பாட்டுக்கும் வெளிப் பாட்டுக்கும் நடுவே சுவர் எங்கே இருக்கிறது?

ஆல்டோ அக்கா:
அது என் பக்கம்தான் பேசுகிறது. டார்சியின் ஜெபத்தோடு சேர்ந்ததும், கூப்பிட்டால் ஓடிவரும் அந்த நண்பர் யார் என்று சபைக்குத் தெரியும்.

கருஞ்சட்டை:
மனைவியும் பிள்ளையும் போன மனிதர் டார்சி, அந்தப் பாட்டில் 'என் கையைப் பிடி' என்கிறார். யாரிடம் கேட்கிறார் என்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஏன் கேட்கிறார் என்பது முழுசாகப் புரிகிறது. பெரியார் தொண்டரான என் தாத்தா, நாகூர் ஹனிபாவின் தி.மு.க. பாட்டையும் கேட்பார், 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டையும் கேட்பார்.

ஆல்டோ அக்கா:
தாத்தா தாராளமாகக் கேட்கட்டும், யாரும் தடுக்கவில்லை. ஹனிபா நம்பாமல் பாடியிருந்தால் தாத்தா நின்று கேட்டிருப்பாரா? நான் பாடுகிறவரைப் பற்றிச் சொல்கிறேன். இதே ஆல்பத்தில் 'மேரி டோன்ட் யூ வீப்' போடுங்கள். பைபிளில் ஏசு உயிரோடு எழுப்பிய, செத்துப்போன லாசருவை அரீதா மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். எழுந்து வருவான் என்று நம்பாத ஒருத்தரால் அப்படிக் கூப்பிட முடியாது.

கருஞ்சட்டை:
முடியும் அக்கா. செத்த வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் ஆள் வரமாட்டார் என்று தெரியும். ஒப்பாரியில் குரல் அப்படித்தானே போகிறது? அந்த இடத்தில் எனக்குக் கேட்பது அதுதான்.

ஆல்டோ அக்கா:
ஒப்பாரி அதோடு நின்றுவிடும். இந்தப் பாட்டில் லாசரு எழுந்து நடக்கிறான். அதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.