சி மொழியில் ரேண்டம் ஒற்றைப்படை எண்: பத்து வரியிலும் ஒரே எண் வருகிறது

புதுமாணவி:
வணக்கம். சி மொழி இப்போதுதான் படிக்கிறேன். 1 முதல் 99 வரை பத்து ரேண்டம் ஒற்றைப்படை எண்கள் பிரிண்ட் ஆக வேண்டும். ஃபார் லூப்புக்குள் எஸ்ரேண்ட்(டைம்(நல்)), அடுத்த வரியில் எண் = ரேண்ட்() % 100 + 1. இரட்டைப்படை வந்தால் 1 கூட்டிவிடுகிறேன். ரன் செய்தால் 37, 37, 37 என்று பத்து வரியும் அதே எண். ஒருமுறை 101 வந்தது! விண்டோஸில் செய்கிறேன். திங்கட்கிழமை லேப் இருக்கிறது, யாராவது சொல்லுங்களேன்.

சிநேகன்:
எஸ்ரேண்ட் வரியை லூப்புக்கு வெளியே, மெயினின் தொடக்கத்தில் வையுங்கள். டைம் நொடிக் கணக்கில்தான் மாறும். உங்கள் லூப் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே விதை (ரேண்ட் தன் எண் வரிசையைத் தொடங்கும் மதிப்பு), அதே எண். அதற்காக வரியையே எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் ஒவ்வொரு முறை ரன் செய்யும்போதும் ஒரே வரிசை வரும்.

பழைய லேப்காரன்:
101 எப்படி வந்தது என்றால், 100 விழுந்து அதோடு 1 கூடியிருக்கிறது. 101ஐ மட்டும் தடுத்தால் போதாதும்மா. 3 வருவதற்கு 2, 3 என இரண்டு வழி. 1 வருவதற்கு ஒரே வழி. ஆக 1 மற்றவற்றில் பாதி அளவுதான் வரும். திருத்திக்கொண்டிருப்பதைவிட, ஒற்றைப்படையாகவே பிறக்கவைப்பது மேல்: 2 * (ரேண்ட்() % 50) + 1. அடைப்புக்குள் 0 முதல் 49 வரை வரும். இரட்டித்து 1 கூட்டினால் 1 முதல் 99 வரை.

புதுமாணவி:
நன்றி அண்ணா, எண்கள் இப்போது மாறி மாறி வருகின்றன. ஆனால் எத்தனை முறை ஓட்டினாலும் 49ஐத் தாண்டவில்லை. என் வரி: 2 * ரேண்ட்() % 50 + 1

பழைய லேப்காரன்:
உள் அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. * குறிக்கும் % குறிக்கும் சம முன்னுரிமை, இடமிருந்து வலமாக நடக்கும். முதலில் இரட்டித்து, பிறகு 50ஆல் வகுத்த மீதி எடுக்கிறது. இரட்டைப்படை எண்ணை 50ஆல் வகுத்தால் மீதி 48க்கு மேல் போகாது, 1 கூட்டினால் 49. இதையே லினக்ஸில் ஜிசிசி கம்பைலரில் ஓட்டினால் மைனஸ் எண்கூட வரலாம். அங்கே ரேண்ட் 2147483647 வரை தரும், இரட்டித்தால் இன்ட் (முழு எண்) வகையில் அடங்காது.

லேபில் 25 முதல் 75 வரை கேட்டால்? (75 - 25) / 2 + 1 = 26 எண்கள். எனவே 25 + 2 * (ரேண்ட்() % 26).

சிநேகன்:
பைத்தானில் தேடி வருபவர்களுக்கு: ரேண்டம்.ரேண்ட்ரேஞ்ச்(1, 100, 2). 100 சேராது, 99 சேரும்.