மறு: ட்வின்னிங், ஜாயின்ட், டூயல் – தமிழில்? (திங்கள் அச்சு)

நுங்கு:
வணக்கம். எங்கள் கல்லூரிச் சேர்க்கைக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெளிநாட்டுப் பல்கலைகளோடு சேர்ந்து நடத்தும் படிப்புகளுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் கொண்டுவந்த விதிகளில் மூன்று வகை. ட்வின்னிங்: 30 சதவீத கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பு அலகு) வரை அங்கே படிக்கலாம், பட்டம் தருவது இங்கே மட்டும். ஜாயின்ட்: இரண்டு இடத்திலும் குறைந்தது 30 சதவீதம், சான்றிதழ் ஒன்று, சின்னம் இரண்டு. டூயல்: ஒரே பாடம், ஒரே நிலை, இரு பல்கலையும் தனித்தனியாகப் பட்டம் தரும். போன வருடம் முதலாவதையும் மூன்றாவதையும் ‘இரட்டைப் பட்டப்படிப்பு’ என்றே அச்சடித்துவிட்டோம். ஒரு மாணவனின் அப்பா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “இரட்டைன்னா ரெண்டு சர்டிபிகேட்தானே சார்?” என்றார். அவர் மகன் சேர வந்தது ட்வின்னிங்.

பனையோலை:
இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. ‘சலசல’வைப் பிரித்தால் பொருளில்லை, அது இரட்டைக்கிளவி. ‘பாம்பு பாம்பு’ பிரித்தாலும் பொருள் தரும், அது அடுக்குத்தொடர். டூயலைப் பிரித்தால் இரண்டும் முழுப் பட்டம். ஆகவே ‘அடுக்குப் பட்டம்’. பிரிக்க முடியாத ஜாயின்ட்தான் ‘இரட்டைப் பட்டம்’.

கரிசல்:
ஐயா, அடுக்கு என்றால் எங்கள் ஊரில் தூக்குச்சட்டி. அதோடு, அடுக்குத்தொடர் செய்யுளில் நான்கு முறை வரை வரலாம். அந்த அப்பா நான்கு சர்டிபிகேட் கேட்டால்?

வெண்பாப்பித்தன்:
ஜாயின்ட்டுக்கு முன்னோடி இரட்டைப் புலவர்கள்தான். ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பார். வெண்பா ஒன்று, பெயர் இரண்டு. கால் நடக்காதவரைக் கண் தெரியாதவர் தோளில் சுமந்தார் என்பார்கள். சுமந்தவருக்கு வெண்பாவில் பங்கில்லாமல் போயிருந்தால் அது ட்வின்னிங்!

கரிசல்:
ரசித்தேன், ஆனால் திங்கள் வந்துகொண்டிருக்கிறது. இன்னொரு சிக்கல்: ஐஐடி-யில் டூயல் டிகிரி என்றால் பி.டெக்., எம்.டெக். சேர்த்து ஐந்து வருடம். இடம் ஒன்று, நிலை இரண்டு. நுங்கு சொல்வதற்கு நேர் தலைகீழ். ‘இரட்டைப் பட்டம்’ என்றதும் பையன்களுக்கு அதுதான் ஞாபகம் வரும்.

நுங்கு:
அப்படியானால் ஜாயின்ட் ‘கூட்டுப் பட்டம்’. இதில் யாரும் சண்டை போடவில்லை. டூயல் ‘இருபட்டம்’. ட்வின்னிங் ‘இணைவுப் படிப்பு’?

கரிசல்:
இணைவு வேண்டாம். பல்கலையோடு இணைவு பெற்ற கல்லூரி என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மறுபடி அந்த அப்பா வருவார். ‘ட்வின்னிங்’ என்றே போட்டுவிட்டு, கீழே ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.

பனையோலை:
> ‘ட்வின்னிங்’ என்றே
மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ‘இட்வின்னிங்’ என்றாவது எழுதக் கூடாதா?

வெண்பாப்பித்தன்:
படிப்பவர் அச்சுப்பிழை என்பார். இருபட்டம், கூட்டுப் பட்டம், ட்வின்னிங். என் வாக்கு இதற்கு.

நுங்கு:
மூன்று பேர் ஒரே பக்கம். அனுப்பிவிடுகிறேன். ஐயா மன்னிக்க வேண்டும்.

பனையோலை:
உடன்பாடில்லை; பதிவில் இருக்கட்டும். ஆனால் மெய்ப்பு பார்க்கும்போது கவனம்: ‘இரு’வுக்குப் பின் ஒற்று மிகாது. அச்சகத்துக்காரர் ‘இருப்பட்டம்’ ஆக்கிவிடப் போகிறார்.