இரத்தப் பரிசோதனைக் கருவியைக் கிளினிக் கணினியோடு இணைப்பது எப்படி?

சுங்கை சிப்புட் உறுப்பினர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு சிறிய தனியார் கிளினிக்கில் பதிவேட்டையும் கணினியையும் நான்தான் கவனித்து வருகிறேன். சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களே எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர். இரத்த அணுக்களை எண்ணும் கருவி ஒன்றும் ஸ்கேன் கருவி ஒன்றும் இருக்கின்றன. இரத்தக் கருவி அச்சிட்டுத் தரும் தாளைப் பார்த்துத் தாதி கணினியில் தட்டச்சு செய்கிறார். சென்ற மாதம் ஹீமோகுளோபின் 7.1 என்று மிகக் குறைவாக வந்திருந்த ஓர் அம்மாவுக்கு 11.7 என்று பதிவாகிவிட்டது. மருத்துவர் தாளையும் கேட்டு வாங்கிப் பார்த்ததால் அன்றே தெரிந்தது. பார்க்காமல் இருந்திருந்தால் அந்த அம்மா மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போயிருப்பார். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

இரண்டு கருவிகளின் பின்புறத்திலும் நெட்வொர்க் கேபிள் செருகும் இடம் உள்ளது. ரவுட்டரோடு இணைத்தேன். பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் கணினிக்கு எதுவும் வந்து சேரவில்லை. அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்?

தெலுக் இந்தான் ஆய்வக உறுப்பினர்:

தம்பி, வணக்கம். பச்சை விளக்கு எரிவதற்குக் கம்பி சேர்ந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. கருவி பேசுவதைக் கேட்க மறுமுனையில் ஒரு மென்பொருள் காத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே மொழியைப் பேசவும் வேண்டும்.

ஆய்வகக் கருவிகள் பெரும்பாலும் இரண்டு மொழிகளில் ஒன்றைப் பேசும். பழையவை ஏ.எஸ்.டி.எம். முறையையும், புதியவற்றில் பல எச்.எல்.7 முறையையும் பின்பற்றுகின்றன. எச்.எல்.7 என்பது 1987-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பின் பெயர். அது வகுத்த செய்தி முறைக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. அதன் இரண்டாம் பதிப்புச் செய்தியைத் திறந்து பார்த்தால் நீங்களே வாசித்துவிடலாம், ஏனென்றால் அது வெறும் எழுத்துதான். ஒவ்வொரு வரியும் மூன்றெழுத்துப் பெயரோடு தொடங்கும். 'பி.ஐ.டி.' வரியில் நோயாளி யார் என்பது இருக்கும். 'ஓ.பி.எக்ஸ்.' வரி ஒவ்வொன்றிலும் எந்தச் சோதனை, என்ன அளவு, என்ன அலகு என்பவை செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்டிருக்கும்.

அந்த அலகைத் தயவுசெய்து கவனியுங்கள். ஒரு கருவி ஹீமோகுளோபினை டெசிலிட்டருக்கு 13 கிராம் என்று அனுப்பும். இன்னொன்று அதையே லிட்டருக்கு 130 கிராம் என்று அனுப்பும். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அலகை விட்டுவிடும் மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன். தாதியின் கைப்பிழை ஒரு நோயாளியோடு நின்றுவிடும். மென்பொருளில் ஒருமுறை நுழைந்த பிழையோ அன்று வருகிற எல்லோரையும் தொடும்.

அதைவிட முக்கியமானது, அந்த எண் யாருடையது என்பது. நம்மவர் பெயர்களின் நடுவே அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி' (மகன்), 'அனாக் பெரெம்புவான்' (மகள்) என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம் ஒரு சாய்கோட்டோடு வருகிறது அல்லவா? நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒவ்வொரு முடிவும் நோயாளியின் பெயரிலேயே ஒரு கோப்பாகச் சேமிக்கப்பட்டது. விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோட்டை ஏற்பதில்லை. மலாய்க்காரர், சீனர் பலரின் முடிவுகள் சரியாகச் சேர்ந்தன. நம் மக்களின் முடிவுகள் மட்டும் சேரவே இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. ஆகவே பெயரை ஒருபோதும் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். 12 இலக்க அடையாள அட்டை எண்ணையோ கிளினிக்கின் பதிவு எண்ணையோ பட்டைக்குறியாக (பார்கோடு) அச்சிட்டு இரத்த மாதிரி எடுக்கும் குழாயில் ஒட்டுங்கள். கருவி அதை வாசிக்கட்டும், யாரும் தட்டச்சு செய்ய வேண்டாம்.

இன்னொன்று. செய்தி வந்ததும் கணினி "பெற்றுக்கொண்டேன்" என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் பல கருவிகள் முடிவைத் தம்மிடமே வைத்துக்கொண்டு மீண்டும் அனுப்பும். ஆனால் சில மென்பொருள்கள் சேமிப்பதற்கு முன்பே அந்தப் பதிலை அனுப்பிவிடுகின்றன. அந்த நொடியில் மின்சாரம் போனால் முடிவு இரண்டு இடத்திலும் இருக்காது. விற்பவரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கூலிம் கருவி பழுதுபார்ப்பவர்:

அக்கா சொன்னவற்றோடு கம்பி பற்றியும் சிறிது சொல்ல வேண்டும்.

உங்கள் கருவியில் ஒன்பது ஊசிகள் கொண்ட பழைய துளையும் இருக்கலாம். அது ஆர்.எஸ்.232 இணைப்பாக இருந்தால், இரண்டாம் மூன்றாம் ஊசிகள் குறுக்கே மாற்றப்பட்ட கேபிள் தேவையா நேர் கேபிள் தேவையா என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே செருகுங்கள். செய்தி அனுப்பும் வேகம் நொடிக்கு 9600 பிட் என்று கருவியில் இருந்தால் கணினியிலும் அதே எண் இருக்க வேண்டும். மாறினால் புரியாத குறிகள்தாம் வரும். ஏறக்குறைய 15 மீட்டருக்கு மேல் அந்தக் கம்பியை இழுக்க வேண்டாம். பேராக்கில் பிற்பகல் இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட உலோகக் கம்பி வழியாக மின்னல் அதிர்வு ஏறிக் கருவியின் உள்பலகை கருகிப்போனதை என் கையாலேயே கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

நாளை இ.சி.ஜி. போல் நோயாளியின் உடலோடு ஒட்டியிருக்கும் கருவி எதையாவது இணைக்க நினைத்தால், சாதாரணக் கணினியோடு நேரடியாகக் கேபிள் போடாதீர்கள். கணினியிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் கேபிள் வழியே நோயாளியை அடையக்கூடும். மருத்துவ மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601 தரம் இதற்காகவே நோயாளியைச் சுற்றி 1.5 மீட்டர் தூரத்தைத் தனியாகக் கருதுகிறது. மின்னோட்டத்தைத் தடுத்துச் செய்தியை மட்டும் கடத்தும் பிரிப்பான் ஒன்றை இடையில் வையுங்கள்.

சுங்கை சிப்புட் உறுப்பினர்:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. இன்று கையேட்டைப் பார்த்தேன். எங்கள் இரத்தக் கருவி எச்.எல்.7 பேசுகிறது. வலையமைப்பில் கணினிக்குரிய முகவரியையும் (ஐ.பி.), மென்பொருள் காத்திருக்கும் வாயில் எண்ணையும் (போர்ட்) கருவியில் பதித்தேன். ஒரு சோதனை முடிவு வந்தது, ஆனால் மறுநாள் காலை மீண்டும் நின்றுவிட்டது. ஸ்கேன் கருவியில் 'டைக்காம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதுவும் எச்.எல்.7-தானா?

ஈப்போ வலையமைப்புப் பணியாளர்:

இரவில் கணினியை அணைத்திருப்பீர்கள். காலையில் ரவுட்டர் அதற்கு வேறு முகவரி கொடுத்திருக்கும்; கருவியோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். கணினிக்கு நிலையான முகவரி ஒன்றை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

டைக்காம் வேறு. அது படங்களுக்கான மொழி. கதிரியக்க மருத்துவர்களும் கருவி தயாரிப்பாளர்களும் 1983-இல் சேர்ந்து தொடங்கிய முயற்சி, 1993-இல் அந்தப் பெயரைப் பெற்றது. அதில் முகவரி, வாயில் எண் இரண்டோடு ஒவ்வொரு கருவிக்கும் 16 எழுத்துக்கு மிகாத ஒரு பெயரும் உண்டு. அழைப்பவரின் பெயரைச் சரிபார்க்குமாறு அமைக்கப்பட்ட கணினியில் ஓர் எழுத்து மாறினாலும் படம் ஏற்கப்படாது. படங்களைப் பெற பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவான ஆர்த்தாங்க் என்ற இலவச மென்பொருளை முயன்று பாருங்கள். முதலில் கருவியிலிருந்து, இணைப்பு வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கும் 'எக்கோ' சோதனையை அனுப்புங்கள். அதற்குப் பதில் வந்த பிறகு படம் அனுப்பலாம்.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. காத்திருப்புக் கூடத்தில் நோயாளிகளுக்கு வைஃபை கொடுத்திருக்கிறீர்களா? அதே ரவுட்டரில் கருவியை வைக்காதீர்கள். எச்.எல்.7 செய்தி வழக்கமாக மறைகுறியாக்கம் (பிறர் வாசிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல்தான் செல்லும். அடையாள அட்டை எண்ணும் நோயும் அப்படியே வாசிக்கத்தக்கவை. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை உணர்வுமிக்க தரவாக வகைப்படுத்தியிருக்கிறது. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற, கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் பரவியபோது ஸ்கேன், இரத்தப் பரிசோதனைக் கருவிகளும் முடங்கின. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. கருவிக்குள் இருக்கும் விண்டோஸை நாமாகப் புதுப்பிக்கக் கூடாது, தயாரிப்பாளர் அனுமதி வேண்டும். அதனால்தான் அவற்றை இணையம் இல்லாத தனி வலையமைப்பில் வைக்கச் சொல்கிறேன்.

தெலுக் இந்தான் ஆய்வக உறுப்பினர்:

தம்பி, கருவியின் கடிகாரத்தையும் பாருங்கள். உள் பேட்டரி தீர்ந்த கருவி பழைய தேதியைப் போட்டு அனுப்பும். இன்றைய முடிவு பழைய முடிவுகளுக்கு அடியில் போய்விடும், மருத்துவர் அதைப் பார்க்கவே மாட்டார். அத்துடன், முதல் ஒரு மாதம் அச்சிட்ட தாளை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு மாலையும் தாளையும் திரையையும் தாதியோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுங்கை சிப்புட் உறுப்பினர்:

நிலையான முகவரி ஒதுக்கிய பிறகு மூன்று நாளாக நிற்காமல் வருகிறது. கடிகாரம் 40 நிமிடம் பின்தங்கியிருந்தது, சரிசெய்துவிட்டேன். கருவிகளுக்குத் தனி ரவுட்டர் வாங்க மருத்துவர் சம்மதித்திருக்கிறார். தாளை ஒப்பிடும் வேலையை இன்று மாலை தொடங்குகிறோம். முதலில் அந்த அம்மாவின் புதிய முடிவைத்தான் பார்க்கப் போகிறோம்.