போலீஸ்காரர் உங்களிடம் நன்றாக நடந்துகொண்ட ஒரு நாளைச் சொல்லுங்கள்

போலீஸைப் பற்றிக் கசப்பான கதை எல்லோரிடமும் ஒன்றிரண்டு இருக்கும், என்னிடமும் இருக்கிறது. நல்லபடியாக நடந்ததைத்தான் நாம் வெளியில் சொல்வதே இல்லை. வீட்டுக்குள் இரண்டு நாள் பேசுவோம், அப்புறம் மறந்துவிடுவோம். அதனால் நானே ஆரம்பித்து வைக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

என் அப்பாவுக்கு மறதி நோய். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணி வாக்கில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போய்விட்டார். நானும் என் கணவரும் தெருத்தெருவாகத் தேடி அலைந்துவிட்டு, ஒரு மணிக்கு மேல் ஸ்டேஷனுக்குப் போனோம். '24 மணி நேரம் ஆகட்டும், அப்புறம் வாங்க' என்று சொல்லி அனுப்பிவிடுவார்களோ என்று படியேறும்போதே எனக்குக் கை நடுங்கியது. (காணாமல் போனவரைப் பற்றிச் சொல்ல அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை என்று பல நாட்டுப் போலீஸ் துறைகளும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. இருந்தும் அந்த நினைப்பு மனதை விட்டுப் போவதில்லை.)

பணியில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பெயர், வயது, உடுத்தியிருந்த சட்டை எல்லாம் கேட்ட பிறகு, "அப்பா முதல்ல எங்க வேலை பார்த்தாரு? எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவாரு? இதுக்கு முன்னாடி எந்த வீட்டில இருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குக் கோபம்தான் வந்தது. மனுஷனைக் காணோம் என்கிறேன், இவர் என்னவோ கல்யாணத்துக்கு வரன் விசாரிப்பதுபோல் விசாரிக்கிறாரே என்று. அப்பா 30 வருடம் ஒரு மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர், அந்த மில் மூடியே வெகுகாலம் ஆகிவிட்டது என்றேன். அவர் உடனே வாக்கி-டாக்கியை எடுத்தார்.

நாற்பது நிமிடத்தில் தகவல் வந்துவிட்டது. அவர்கள் வண்டியிலேயே எங்களையும் அழைத்துக்கொண்டு போனார்கள். பூட்டிக் கிடந்த மில் கேட்டின் முன்னால் அப்பா துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஒரு இளவயது போலீஸ்காரர். அவர் அப்பாவைத் தொடவில்லை, இழுக்கவில்லை, அப்பாவோடு சேர்ந்து அவரும் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். "கேட்டைத் தொறக்கச் சொல்லுப்பா, நேரமாச்சு" என்றார் அப்பா. "இன்னைக்கு ஷிஃப்ட் மாத்திட்டாங்க ஐயா, உங்களுக்குக் காலையிலதான். வாங்க, வீட்டில விட்டுடறேன்" என்றார் அவர். "முன்னாடியே சொல்லக்கூடாதா" என்று முணுமுணுத்தபடி அப்பா வண்டியில் ஏறினார். ஏறும்போது அவர் தலை இடிக்காமலிருக்க அந்தப் பையன் கதவின் மேல்விளிம்பில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். எனக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைதான்.

அந்த அதிகாரி ஏன் பழைய கதையெல்லாம் கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பிரிட்டனில் இதற்கென்றே 'ஹெர்பர்ட் புரோட்டோகால்' என்று ஒரு படிவம் இருக்கிறது, நார்ஃபோக் போலீஸ் தொடங்கி வைத்தது. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் நார்மண்டி கரையில் இறங்கிய ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற போர்வீரர், முதுமையில் மறதி நோய் வந்து, தன் சிறுவயது வீட்டைத் தேடிப் போன இடத்தில் இறந்துபோனார், அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். புகைப்படம், சாப்பிடும் மருந்து, பழைய முகவரிகள், வேலை பார்த்த இடம், வழக்கமாகப் போய்வரும் வழி எல்லாவற்றையும் வீட்டார் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். நானும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

* * *

நான் ராத்திரியில் டாக்சி ஓட்டுகிறவன். வாரம் ஒரு தடவையாவது மடக்கி ஊதச் சொல்வார்கள். முகத்துக்கு நேரே டார்ச், கருவியை நீட்டி "ஊது", அப்புறம் "போ". அவ்வளவுதான் பேச்சு. குடிக்கும் பழக்கமே இல்லாத எனக்கு ஒவ்வொரு தடவையும் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் போல் இருக்கும்.

போன மாதம் ஒருவர் டார்ச்சைத் தரைப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முதலில் வணக்கம் சொன்னார். "உங்க மேல சந்தேகமெல்லாம் இல்லைங்க, அஞ்சு வண்டிக்கு ஒண்ணு நிறுத்தறோம், நீங்க அஞ்சாவதா வந்தீங்க" என்றார். நான் ஊதி முடித்ததும், "நீங்க தினமும் ஓட்டறவரு, இந்த ரோட்டில எங்க வெளிச்சம் பத்தல, சொல்லுங்க" என்று கேட்டு, நான் சொன்ன இரண்டு இடத்தையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். மொத்தம் ஒன்றரை நிமிடம் ஆகியிருக்குமா? நன்றி சொல்லி அனுப்பினார். இத்தனை வருடத்தில் ஒரு போலீஸ்காரர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

என் மகளிடம் சொன்னபோது அவள் தேடி எடுத்துக் காட்டினாள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து போலீஸ் இதையே 2009, 2010-இல் ஒரு சோதனையாக நடத்திப் பார்த்திருக்கிறது. 60 இடங்களில் வண்டிகளை நிறுத்தினார்கள், பாதி இடத்தில் வழக்கம்போல, மீதி இடத்தில் யோசித்து எழுதிய ஒரு சிறு பேச்சோடு. உங்களைக் குறிவைத்து நிறுத்தவில்லை, விபத்தில் போனவர் வீட்டுக்குப் போய்ச் செய்தி சொல்வதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமானது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், நன்றி. ஏறக்குறைய இதுதான் அந்தப் பேச்சு. அப்படிப் பேசப்பட்ட ஓட்டுநர்களுக்குப் போலீஸ் மேல் மதிப்பு கூடியிருந்ததாம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

* * *

சைக்கிள் திருடுபோனது, கிடைக்கவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து அந்தக் காவலர் என்னைத் தானே கூப்பிட்டு, "கேமராப் பதிவு பார்த்தோம்மா, முகம் தெரியல, பழைய சாமான் கடைகள்ல விசாரிச்சோம், இல்ல. கிடைக்கலைன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார். கிடைக்கவில்லை என்று சொல்வதற்காக ஒருவர் போன் செய்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

* * *

இது நான் யாரிடமும் சொல்லாதது. என் அண்ணனுக்கு மனநலக் கோளாறு உண்டு. மருந்தை விட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் யாரோ தன்னைத் துரத்துவதாகச் சொல்ல ஆரம்பிப்பான். ஒரு சாயங்காலம் கண்ணாடியை உடைத்து ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். போலீஸைக் கூப்பிட வேண்டாம், அடித்துவிடுவார்கள் என்று அம்மா அழுதாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டு பேர் வந்தார்கள். வண்டியின் விளக்கையும் சைரனையும் தெருமுனையிலேயே அணைத்திருந்தார்கள். மூத்தவர் உள்ளே வந்ததும் டிவியை நிறுத்தச் சொன்னார், கூடத்தில் நின்றவர்களை வெளியே போகச் சொன்னார், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவோரம் தரையில் உட்கார்ந்தார். கதவுக்கு நேராக உட்காராமல் சற்றுப் பக்கவாட்டில். "தம்பி, எனக்கு முட்டி வலி, நான் இங்க உட்கார்ந்துக்கறேன். உன் பேரு என்னப்பா?" பதில் இல்லை. அவர் திரும்பக் கேட்கவில்லை, சும்மா இருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இவ்வளவு நேரம் ஒருவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதை நான் பார்த்ததே இல்லை. ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து, "என்னைக் கட்டிப் போடுவீங்களா?" என்று குரல் வந்தது. "பொய் சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும். ஆனா நீயா நடந்து வா, தங்கச்சி கூட வரட்டும்" என்றார்.

மேலும் ஒரு மணி நேரம் போனது. கதவின் அடி இடுக்கு வழியாகக் கண்ணாடித் துண்டு மெல்ல வெளியே வந்தது, அவனுடைய கைக்குட்டையில் சுற்றி. யார் கையையும் கிழித்துவிடக்கூடாது என்று அவன் சுற்றியிருக்கிறான். அந்தக் காவலர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு "நன்றிப்பா" என்றார்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-இல் மனநலம் பாதித்த ஒரு இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊரே கொதித்தது. அடுத்த வருடமே மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் போலீஸோடு சேர்ந்து, விருப்பப்பட்டு வரும் காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார்கள், அது இன்று பல நாடுகளுக்குப் போய்விட்டது. குரலைத் தாழ்த்துவது, ஒருவர் மட்டும் பேசுவது, அவசரப்படாமல் இருப்பது எல்லாம் அதில் சொல்லித் தருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் அதைப் படித்தாரா என்று தெரியாது. அண்ணன் இப்போது மருந்து சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான்.

* * *

நல்லதை மட்டும் எழுதச் சொல்கிறீர்கள், என்னால் முடியவில்லை. பத்தொன்பது வயதில் வேலை முடிந்து நடந்து வரும்போது என்னை நிறுத்தி, பையைத் தெருவில் தலைகீழாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து நான்தான் பொறுக்கி எடுத்தேன்.

வெஸ்லி ஸ்கோகன் என்ற ஆய்வாளர் 2006-இல் எழுதிய ஒரு கட்டுரையில், போலீஸுடனான ஒரு மோசமான அனுபவத்தின் தாக்கம் ஒரு நல்ல அனுபவத்தைவிட 4 முதல் 14 மடங்கு வரை பெரியது என்று கணக்குப் போட்டிருக்கிறார். என் விஷயத்தில் அது அப்படியே உண்மை.

ஆனாலும் ஒன்று இருக்கிறது. ஆறு வருடம் கழித்து என் கண்ணெதிரே ஒரு பெண் வண்டியில் அடிபட்டு விழுந்தார். அவர் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்த போலீஸ்காரர் என்னைத் தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் பக்கத்தில் மண்டியிட்டு, "நல்லா பிடிச்சிருக்கீங்க, அப்படியே இருங்க, ஆம்புலன்ஸ் நாலு நிமிஷத்தில வந்துடும்" என்றார். அந்தப் பெண்ணை ஏற்றி அனுப்பிய பிறகு எல்லோரும் கலைந்துவிட்டார்கள், எனக்கு மட்டும் கால் நகரவில்லை. அவர் திரும்பி வந்து தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் ஊற்றினார். ரத்தம் போகும்வரை ஊற்றினார். "வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்டார். பழசு அழியவில்லை. ஆனால் போலீஸ் என்றால் இப்போது எனக்கு இரண்டு முகம் நினைவுக்கு வருகிறது, முன்பு ஒன்றுதான் வந்தது.

* * *

மேலே எழுதியவருக்கு: எழுதியதற்கு நன்றி, இதையும் சேர்த்துத்தான் கேட்க விரும்பினேன். அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில் நடந்த ஒரு ஆய்வு 2019-இல் வெளியானது. எந்தப் புகாரும் இல்லாமல், சும்மா பேசுவதற்காகக் காவலர்கள் வீடுவீடாகப் போய்த் தங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்த ஒரே சந்திப்பின் நல்லெண்ணம் 21 நாள் கழித்துக் கேட்டபோதும் இருந்தது. சின்னதுதான். ஆனால் வாசலில் போலீஸ் நின்றால் 'யாருக்கு என்ன ஆச்சு' என்று பதறாமல் கதவு திறக்க முடிந்த ஒரு நாள் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

* * *

நான் ஓய்வுபெற்ற போலீஸ்காரன். வேலை பார்த்தது 31 வருடம். எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் எட்டு வருடம் நடந்தே ரோந்து போனேன். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்தக் கிழவருக்குக் காது கேட்காது, எந்தப் பையன் பள்ளிக்கூடம் போகாமல் சுற்றுகிறான், எல்லாம் தெரியும். அப்புறம் வண்டி கொடுத்தார்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம், ஒருவரும் பேசவில்லை. அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1970-களின் கடைசியில் நடை ரோந்தை ஆராய்ந்து பார்த்தார்கள், குற்றம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் மக்களின் பயம் குறைந்திருந்தது. அது எப்படி என்று படித்தவர்கள் விவாதிக்கிறார்கள். நடந்து போனவர்களுக்கு அது தெரியும்.

மேலே டாக்சி ஓட்டும் தம்பி எழுதியது சரி, கஷ்டமான வேலை செய்தி சொல்லப் போவதுதான். போனில் சொல்லக்கூடாது. தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போக வேண்டும். 'தவறிட்டார்', 'நம்மள விட்டுப் போயிட்டார்' என்று சுற்றி வளைக்கக்கூடாது, இறந்துட்டார் என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவர்கள் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு செருப்பைத் தேடுவார்கள். என் முதல் தடவை நான் அந்தத் தப்பைச் செய்தேன். அந்த மனிதர் செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டார்.

கடைசியாகப் போன வீடு ஒரு அம்மாவுடையது. ஒரே பையன். சொன்னேன், அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. கூட வந்தவர் உறவுக்காரர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். உள்ளே ஏதோ சத்தம் கேட்டது, எட்டிப் பார்த்தால் அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிப் பாத்திரம் கருக ஆரம்பித்திருந்தது. போய் அணைத்துவிட்டு வந்து, அவர் தங்கை வரும்வரை நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினேன் என்று கேட்டால் ஒன்றும் பேசவில்லை.

நான் ஓய்வுபெற்ற வருடம் ஒரு கூட்டத்தில் யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினேன். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்னைக்கு அடுப்பை அணைச்சது நீங்கதானே?" என்று கேட்டார்.